கண்ணைப் பார்த்துப் பேசு என்று யார் யாரிடம் சொல்வது?

ஒரே குணத்துக்கு நம் ஊரில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. மற்ற பிள்ளைகளோடு சேராமல் பாட்டில் மூடியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை. "சாப்டியா?" என்று கேட்டால் "சாப்டியா?" என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளை. இந்தப் பிள்ளை தில்லைநகர் அடுக்ககத்தில் பிறந்தால் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் வைப்பார்கள். மருத்துவரைத் தேடுவார்கள், பயிற்சிக்கு அனுப்புவார்கள், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுவார்கள். எங்கள் தெருவில் பிறந்தால் அதற்குத் திமிர் என்று பெயர். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் மந்தம் என்பார்கள்.

நாங்கள் ஸ்ரீரங்கம் தீவில், கொள்ளிடக் கரைப்பக்கம் இருக்கும் குடியிருப்பு ஒன்றில் மாலைப் படிப்பகம் நடத்துகிறவர்கள். அரங்கநாதர் கோயிலுக்கு ஏழு சுற்றுகள் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். கடைசிச் சுற்று அடையவளஞ்சான். அதற்கும் வெளியே, வாழைத்தோப்புகளும் ஆற்று மணலும் ஆரம்பிக்கிற இடத்தில் இருப்பவர்கள் எந்தச் சுற்றுக் கணக்கிலும் வருவதில்லை. அங்கே இருந்துதான் திருச்சி நகரத்தைக் கூட்டிப் பெருக்க ஆட்கள் போகிறார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கவும் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களிடம் படிக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐந்து வயதில் ஒரு சிறுவன் எங்களிடம் வந்தான். பள்ளிக்கூடம் அவனைக் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்திருந்தது. காரணம் கேட்கப்போன அவன் அம்மாவுக்குக் கிடைத்த பதில் இது: "உங்க ஆளுங்க வீட்ல புள்ளைங்ககிட்ட யாரு பேசுறீங்க? அதான் இப்படி இருக்கான்."

'உங்க ஆளுங்க' என்ற சொல்லுக்கு உரை எழுதத் தேவையில்லை. சாதாரா பள்ளிக்கூடத்தில் வகுப்பறை மூலையில் கோணியை விரித்து அம்பேத்கரைத் தனியே உட்கார வைத்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது கோணி இல்லை. காரணமும் புதிது. மூலை மட்டும் அப்படியே இருக்கிறது.

பணக்கார வியாதி என்ற பொய்

'ஆட்டிசமெல்லாம் படித்தவர்கள் வீட்டுப் பிரச்சினை, நம் ஜனங்களுக்கு ஏது?' என்று நம் தோழர்களே கேட்பது உண்டு. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எல்லோருமே நன்கு படித்தவர்கள் என்று அவர் குறித்திருந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு நிபுணரின் வாசல்வரை வந்து சேரும் வசதி யாருக்கு இருந்தது? வந்தவர்களை எண்ணிவிட்டு, வர முடியாதவர்களுக்கு அந்தக் குறையே இல்லை என்று உலகம் பல காலம் நம்பியது.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் கொடுமை. பிள்ளை இப்படி இருப்பதற்கு அம்மாவின் அன்பில்லாத மனம்தான் காரணம் என்று ஒரு கோட்பாடு கிளம்பியது. 'குளிர்பதனப் பெட்டி அம்மாக்கள்' என்று பெயரே வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் இதற்காக ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது அல்ல என்று எழுதிவிட்டார். அறிவியல் அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் கைவிடப்பட்ட கோட்பாடுகள் சும்மா செத்துப்போவதில்லை, பலவீனமானவர்கள் தலையில் போய் இறங்கிக்கொள்கின்றன. "உங்க ஆளுங்க வீட்ல யாரு பேசுறீங்க" என்று நம் தெருவில் கேட்கப்பட்டது, பெட்டல்ஹைமின் குரல் சாதி வேட்டி கட்டிக்கொண்டு வந்ததுதான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே கதை. பிலடெல்பியாவில் அரசு மருத்துவ உதவி பெறும் குழந்தைகளை வைத்து 2002இல் வந்த ஆய்வு ஒன்று, வெள்ளையினக் குழந்தைக்குச் சராசரியாக 6.3 வயதில் ஆட்டிசம் என்று கண்டு சொன்னவர்கள், கறுப்பினக் குழந்தைக்கு 7.9 வயதில்தான் சொன்னார்கள் என்று காட்டியது. குறை ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

நம் நாட்டில் எண்ணக்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறன் என்று எட்டு வகைகள் கேட்டார்கள். ஆட்டிசம் என்று தனியே ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது: மொத்த மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். வறுமையும் பேறுகால கவனிப்பின்மையும் எங்கே அதிகமோ அங்கே இதுவும் அதிகம் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு சிகிச்சைக்கு எத்தனை நாள் கூலி

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்க வேண்டும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்த்து, சந்தேகம் உள்ள பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 1995 சட்டத்தில் இல்லாத ஆட்டிசம் இதில் இருக்கிறது. 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வைத்து மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

காகிதத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒப்பந்தக் கூலி இருக்கிறது. அந்தச் சிறுவனின் அம்மா காலை ஐந்தரைக்கெல்லாம் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போகும். இரண்டு நாள் வராவிட்டால் மேஸ்திரி ஆள் மாற்றிவிடுவான். சிறுவனுக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அவருக்கு ஏழு நாள் கூலி போயிற்று. அதற்குப் பிறகு, வாரம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள் என்றார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகாமல் யார் சோறு போடுவது? தனியார் மையம் ஒன்றில் விசாரித்தோம். முக்கால் மணி நேரத்துக்கு அவர்கள் சொன்ன தொகை, அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியைவிட அதிகம்.

அப்போதுதான் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. முக்கால் மணி நேரத்தில் அந்த அறைக்குள் என்னதான் செய்கிறார்கள்? அதை நம் தெருவில் செய்ய முடியாதா?

தேடிப் படித்ததில் நம்பிக்கை தரும் செய்தி கிடைத்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2016இல் அதன் முடிவு வெளிவந்தது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோரோடு உட்கார்ந்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, பிள்ளை எந்த இடத்தில் எதைச் சொல்ல வருகிறது என்று பேசினார்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து பதில் சொல்வது கூடியது. பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரிடம் ஒன்றைச் சொல்ல முன்வருவதும் கூடியது. எல்லாவற்றிலும் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும், நிபுணர் அல்லாத ஆட்கள், தெற்காசிய ஊர்கள் என்ற நிலையிலும் இது நடக்கும் என்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் பெற்றோருக்கான ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. ஒன்பது கூட்டங்கள், வீட்டுக்கே வந்து மூன்று முறை. தனி அறை, விலையுயர்ந்த பொம்மை எதுவும் கேட்பதில்லை. சாப்பாடு, குளியல், துணி மடிப்பது, விளையாட்டு என்று வீட்டில் நடக்கிற வேலைகளுக்குள்ளேயே பேச்சை வளர்ப்பதுதான் அதன் அடிப்படை.

குழாயடியும் கீரைக்கட்டும்

எங்கள் சிறுவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அவனுடைய அவ்வா தெருக்குழாயில் குடம் பிடிக்கும்போது ஓடி வந்து நின்றுகொள்வான். அவ்வாவும் கேட்காமலே ஒரு செம்பு அவன் கையில் ஊற்றிவிடுவார். கேட்காமலே எல்லாம் கிடைக்கும்போது பிள்ளை ஏன் கேட்க வேண்டும்? அவ்வாவிடம் ஒன்றே ஒன்று சொன்னோம். பாதிச் செம்பு ஊற்றுங்கள், நிறுத்துங்கள், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கேள்வி கேட்காதீர்கள், திட்டாதீர்கள், காத்திருங்கள்.

முதல் வாரம் அவன் கத்தினான். பிறகு அவ்வாவின் கையைப் பிடித்துச் செம்பை நோக்கி இழுத்தான். அந்த இழுப்பே ஒரு பேச்சுதான். இழுத்தவுடன் "நீள்ளு" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவ்வா ஊற்றினார். மூன்றாவது மாதம் ஒரு நாள் கையை இழுக்காமல் அவனே "நீள்ளு" என்றான். குழாயடியில் நின்ற அத்தனை பெண்களும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மூடி அடுக்குவது அவனுடைய இன்னொரு உலகம். பள்ளியில் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். எங்களில் ஒருவர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் வரிசைக்குப் பக்கத்தில் தானும் ஒரு மூடியை வைத்தார். "இது என்ன கலர்? இது எத்தனை?" என்று பரீட்சை வைக்கவில்லை. "செவப்பு... இன்னொரு செவப்பு" என்று நடப்பதை மட்டும் சொன்னார். சில நாட்கள் அவன் எங்கள் மூடியைத் தள்ளிவிட்டான். பிறகு அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். வேண்டுமென்றே சிவப்பு வரிசையில் பச்சையை வைத்தபோது எங்களைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொருளைப் பார்ப்பது, அதில் ஒரு குறும்பைப் பகிர்வது என்பதுதான் உரையாடலின் விதை. பேச்சு அதற்குப் பிறகு வருவது.

அவன் அடிக்கடி "சத்திரம் சத்திரம் சத்திரம்" என்று ஒன்றாம் நம்பர் பஸ் கண்டக்டர் குரலிலேயே கத்துவான். அர்த்தமில்லாத உளறல் என்றார்கள். எப்போதெல்லாம் சொல்கிறான் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தோம். கூட்டம் சேரும்போது, சத்தம் கூடும்போது, 'போதும், இங்கிருந்து கிளம்பலாம்' என்று அவனுக்குத் தோன்றும்போது. இப்படி எதிரொலிப்பது வெறும் கிளிப்பேச்சு அல்ல, அதற்குள் காரியம் இருக்கிறது என்று பேரி பிரிசாண்ட் போன்றவர்கள் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்போது அவன் "சத்திரம்" என்றால் நாங்கள் "போலாமா? போலாம்" என்று சொல்லி வெளியே கூட்டி வருகிறோம். சமீபமாகச் சில நேரம் "போலாம்" என்றும் சொல்கிறான்.

அம்மா விஷயம் வேறு மாதிரி. வேலை முடிந்து இரண்டு மணிக்கு வருகிறவரிடம் பிள்ளை கிட்டேயே வருவதில்லை. "பெத்த புள்ளையே என்னைப் பாத்து ஓடுது" என்று அழுதார். நகரத்தின் நாற்றத்தைச் சுமந்து வருகிற நமக்கு, நம்மைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களைத் தெரியும். பெற்ற பிள்ளையும் அப்படித்தானோ என்ற பயம் எவ்வளவு கொடுமையானது! கவனித்துப் பார்த்ததில் அவனுக்குத் தாங்க முடியாதது பிளீச்சிங் பவுடர் வாசனை என்று தெரிந்தது. படிப்பகத்தில் தரை கழுவினாலும் அதே ஓட்டம்தான். ஆட்டிசம் உள்ள பலருக்கு வாசனை, சத்தம், தொடுதல் எல்லாம் நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கூர்மையாக இருக்கும். அம்மா வந்ததும் முதலில் குளித்துத் துணி மாற்றிவிட்டு உட்கார ஆரம்பித்தார். நான்காம் நாள் மடியில் வந்து உட்கார்ந்தான்.

அதன் பிறகு கீரை ஆய்கிற பத்து நிமிடம் அவர்களுடைய நேரமானது. தண்டை அவன் கையில் கொடுத்து "இந்தா" என்பார். கையை நீட்டி "கொடு" என்பார். காத்திருப்பார். பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வரும் ஒரு பெண்ணிடம், தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்குள் பத்து நிமிடம் என்றால் அது நடக்கும்.

தெருப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது குறைவு, அவர்கள் கண்டுபிடித்தது அதிகம். கல்லா மண்ணா அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து நூறுவரை தவறாமல் எண்ணுவான். கண்ணாமூச்சியில் எண்ணுகிற வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். "அவன் எண்ணுனா ஏமாத்த மாட்டாண்ணே" என்று ஒரு சிறுமி காரணம் சொன்னாள். எந்தக் கருத்தரங்கிலும் இதைவிட நல்ல விளக்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

பறைதான் சிக்கலாக இருந்தது. பறை எங்கள் குரல், எங்கள் பெருமிதம். ஆனால் அடி விழுந்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். பழைய அட்டையில் படம் ஒட்டி முன்கூட்டியே காட்டுகிறோம்: முதலில் பறை, பிறகு ஆற்றங்கரை, பிறகு வீடு. எங்கே தள்ளி நிற்க வேண்டும் என்றும் அவனுக்குத் தெரியும். இப்போது ஆட்டக்குழு பயிற்சி எடுக்கும்போது தோப்பு ஓரத்தில் நின்று தாளத்துக்கு விரலை ஆட்டுகிறான். கலைஞர்களும் அவன் இருந்தால் முதல் அடியை மெதுவாக அடிக்கிறார்கள்.

அற்புதம் நடந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழு வயதில் அவனிடம் சுமார் முப்பது சொற்கள் இருக்கின்றன. கையைக் கடித்துக்கொள்ளும் நாட்கள் இன்னும் உண்டு. ஆனால் தன்னைச் சுற்றி இருப்பவர்களிடம் சொன்னால் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தலைகுனிந்த பரம்பரையும் கண் பார்க்காத பிள்ளையும்

பயிற்சி மையங்களில் முதல் கட்டளை, "கண்ணைப் பார்த்துப் பேசு" என்பதாகவே இருக்கிறது. முகவாயைப் பிடித்துத் திருப்புகிறார்கள். கண்ணைப் பார்த்தால்தான் மிட்டாய்.

இதைப் பார்க்கும்போது எங்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தாத்தாக்கள் ஆண்டைகளின் கண்ணைப் பார்த்துப் பேசக் கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்தித்தான் பேச வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் அதற்கும் திமிர் என்றுதான் பெயர். அன்று பார்த்ததற்குத் திமிர், இன்று பார்க்காததற்குத் திமிர். யார் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதை எப்போதும் எதிரே இருப்பவரே முடிவு செய்கிறார்.

தன்மதிப்போடு நிமிர்ந்து பார்க்கச் சொல்லித்தான் நம் இயக்கம் நம்மை வளர்த்தது. அதில் மாற்றமில்லை. ஆனால் கண்ணைப் பார்ப்பதே வலியாக இருக்கிறது, பார்த்தால் பேச்சைக் கேட்க முடிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று மட்டும் சொல்கிறீர்களே, மற்றவர்களுக்கும்தானே அவரைப் புரியவில்லை? புரியாமை இரண்டு பக்கமும் இருக்க, குறை மட்டும் ஏன் ஒரு பக்கம் எழுதப்படுகிறது?

சாதியை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊர் பேசுகிற மொழியைச் சேரி கற்றுக்கொள்ள வேண்டும், சேரியின் மொழியை ஊர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதானே இங்கே விதி.

மொழி என்றதும் இன்னொன்று. அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேசுகிறோம். தெருவில் தமிழ். அவ்வா தெலுங்கில் பேசுவதை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறான் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. காலை ஐந்தரையிலிருந்து இரண்டு மணிவரை அந்தப் பிள்ளையோடு இருப்பது அவ்வாதான். அவருடைய வாயைக் கட்டிவிட்டால் அவனோடு பேச யார் மிச்சம்? அவனுடைய முதல் கேட்புச் சொல்லே 'நீள்ளு' என்பதை அவர்களுக்குப் போய்ச் சொன்னோம்.

வீட்டிலேயே செய்யலாம் என்பது யாருக்கு வசதி

இவ்வளவையும் எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 'வீட்டிலேயே செய்யலாம், தெருவிலேயே செய்யலாம்' என்பதை அரசு காதில் வாங்கினால், 'அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கைகழுவிவிடும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் பெற்றோரைத் தனியே விட்டுவிடவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் தொடர்ந்து வந்தார், அவருக்கு மேலே கண்காணிக்க நிபுணர் இருந்தார். குழாயடியில் காத்திருப்பது அவ்வாவின் வேலை. அவ்வாவுக்குச் சொல்லித்தர ஆள் அனுப்புவது அரசின் வேலை.

ஆகவே கேட்கிறோம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டும், அதற்கான நேரமும் ஊதியமும் சேர்த்து. ஒன்றிய வள மையங்களில் தொகுப்பூதியத்தில் அல்லாடும் சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். தெப்பக்குளத்தருகே ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இப்படிப்பட்ட படிப்புகள் இருக்கும் நகரத்தில் அந்த அறிவு அடையவளஞ்சானைத் தாண்டி வர மாநகராட்சி வழி செய்ய வேண்டும். சான்றிதழ் முகாமைக் குடியிருப்புக்குள் நடத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். மாற்றுத்திறன் குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையைத் தருகிறது. செருப்புப் பக்கத்தில் உட்கார வைப்பது கல்வி ஆகாது.

தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிப் படிப்பகத்தில், உங்கள் தெருவில், கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளை இருக்கும். மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள், அல்லது அடித்திருப்பார்கள், அல்லது ஒளித்து வைத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூடப் போங்கள், அந்த அம்மா தனியாகப் போனால் எப்படிப் பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். பிறகு அந்தப் பிள்ளையின் எதிரே தரையில் உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பாருங்கள். குறைவாகப் பேசுங்கள், அதிகம் காத்திருங்கள்.

நம்மைப் பேச விடாத சமூகத்தில் பேச்சுக்காகப் போராடியவர்கள் நாம். பேச்சு வராத நம் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பதும் அதே போராட்டத்தில் ஒரு வேலைதான். மைக்கும் மேடையும் தேவைப்படாத வேலை. பத்து எண்ணும்வரை பொறுமை இருந்தால் போதும், இன்று மாலையே தொடங்கலாம்.

ஜெய்பீம்.